33 முறை தோற்ற குதிரையும் 72 வயது டாமியும் (நெடும் இழை)

1/
"ரேஸ்" என்றாலே நம்ம ஊரில் சொத்தை அழித்தவர் கதைதான் ஞாபகத்துக்கு வரும். கிளியனூர், மரக்காணம் பக்கம் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்க, "ரேஸுக்குப் போய் நிலத்தை விட்டவர்" என்று யாராவது ஒருவரைச் சொல்வார்கள். அந்தக் கதை உண்மைதான். பெட்டிங் என்பது ஒரு நோய் என்பதில் மருத்துவனாக எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

இன்றைக்கு நான் எழுதப்போவது பணம் கட்டியவரைப் பற்றி அல்ல. குதிரையை வளர்த்தவரைப் பற்றி.

2/
முதலில் நம்ம சென்னைக் கதை. கிண்டியில் குதிரைப் பந்தயம் 1777-லேயே தொடங்கிவிட்டது. மெட்ராஸ் ரேஸ் கிளப் அமைந்தது 1896-ல். 1974-ல் கலைஞர் ஆட்சியில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. குடும்பங்கள் நாசமாகின்றன என்பதுதான் காரணம்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டமா, திறமையா?

3/
1996 ஜனவரியில் டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் தீர்ப்பு வந்தது. "திறமைதான்" என்றது நீதிமன்றம். குதிரையின் வேகமும் தாக்குப்பிடிக்கும் சக்தியும் பயிற்சியால் வருபவை, லாட்டரி மாதிரி குருட்டு அதிர்ஷ்டம் இல்லை என்பது அதன் வாதத்தில் முக்கியமான பகுதி.

அதாவது ரேஸைக் காப்பாற்றியது பணக்கார ஓனர்களோ புக்கிகளோ இல்லை. விடியற்காலை லாயத்தில் நிற்கிற டிரெய்னரின் உழைப்புதான்!

4/
அப்படி என்ன உழைப்பு? கொஞ்சம் மருத்துவம் பேசுவோம்.

ஓய்வில் இருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30-40 முறை துடிக்கும். பந்தயத்தில் 200-ஐத் தாண்டும். குதிரையின் மண்ணீரல் ஒரு ரிசர்வ் டேங்க். ஓட ஆரம்பித்ததும் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டும். நமக்கு இந்த வசதி பெரிதாகக் கிடையாது.

5/
ஆனால் பிரச்சினை காலில். ரேஸ் குதிரை ஓட ஆரம்பிப்பது இரண்டு, மூன்று வயதில். எலும்பு முழுசாக முதிர்ந்திருக்காது. பயிற்சி கம்மியானால் எலும்பு உறுதிப்படாது. அதிகமானால் விரிசல் விடும். அதனால் நல்ல டிரெய்னர் தினமும் காலையில் குதிரையின் காலைக் கையால் தடவிப் பார்ப்பார். சூடு இருக்கா? வீக்கம் இருக்கா? நேற்று வைத்த தீவனத்தை மிச்சம் வைத்ததா?

வலிக்குதுன்னு வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பேஷன்ட். குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

6/
இப்போது ஆஸ்திரேலியா போவோம். தூரம்தான், ஆனால் தொடர்பில்லாத ஊர் இல்லை. பிரிட்டிஷ் காலத்தில் ராணுவத்துக்காக அங்கிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் சென்னைக்கு வந்து இறங்கின. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் அவற்றுக்கு "வேலர்" என்றே பெயர்.

அந்த ஊர்க்காரர்தான் நம்ம ஹீரோ: டாமி வுட்காக். பிறந்தது 1905. ஜாக்கியாக ஆசைப்பட்டு, எடை கூடியதால் முடியாமல், குதிரை பார்த்துக்கொள்ளும் சைஸ் வேலைக்கு வந்தவர்.

7/
1928-ல் ஹாரி டெல்ஃபோர்ட் என்ற, கையில் காசில்லாத டிரெய்னர், வம்சாவளியை மட்டும் படித்துவிட்டு ஒரு குதிரையை வாங்கச் சொன்னார். விலை 160 கினி. வந்து இறங்கிய குதிரையைப் பார்த்த ஓனர் நொந்துபோனார். ஒல்லி, அழகில்லை. "பயிற்சிக்கு ஒரு பைசா தர மாட்டேன்" என்றார். சரி, மூன்று வருஷம் குத்தகைக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார் டெல்ஃபோர்ட்.

அந்தக் குதிரைதான் ஃபார் லாப். 51 பந்தயம், 37 வெற்றி.

8/
பயிற்சித் திட்டம் டெல்ஃபோர்டுடையது. ஆனால் குதிரை ஒட்டிக்கொண்டது டாமியிடம்தான். 1930 நவம்பர் 1 காலை, டாமி அதை அழைத்து வரும்போது காரில் வந்தவர்கள் துப்பாக்கியால் சுட்டார்கள். டாமி நடுவில் புகுந்து குதிரையை மறைத்தார். குறி தப்பியது. மூன்று நாள் கழித்து ஃபார் லாப் 62 கிலோவுக்கு மேல் சுமந்து மெல்போர்ன் கோப்பையை ஜெயித்தது!

9/
1932-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது டெல்ஃபோர்ட் போகவில்லை. டாமியே டிரெய்னர். மார்ச் 20, மெக்சிகோவின் அக்வா காலியென்டேயில் வெற்றி. ஏப்ரல் 5, கலிஃபோர்னியாவில் திடீர் வயிற்று வலி, கடும் காய்ச்சல். டாமியின் கண்முன்னே குதிரை செத்துப்போனது. 2006-ல் அதன் முடியை ஆராய்ந்த விஞ்ஞானிகள், சாவதற்குச் சற்று முன் அதிக அளவு ஆர்செனிக் உடலுக்குள் போனதற்கான தடயத்தைக் கண்டார்கள். குடல் தொற்றுதான் காரணம் என்பவர்களும் உண்டு. விவாதம் ஓயவில்லை.

அதன் இதயம் 6.2 கிலோ. மனித இதயம் சுமார் 300 கிராம்தான். இன்றும் கான்பெரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

10/
26 வயதில் உலகத்தின் உச்சியைப் பார்த்துவிட்டவருக்கு மீதி வாழ்க்கை எப்படி இருக்கும்? டெல்ஃபோர்டுக்கு அதுபோல் இன்னொரு குதிரை அமையவே இல்லை. டாமி சொந்தமாக லாயம் வைத்து, சின்ன அளவில், வருஷக்கணக்கில் உழைத்தார். பத்து வருஷம், இருபது, நாற்பது... இன்னொரு ஃபார் லாப் வரவில்லை.

வந்தது ரெக்லெஸ். முதல் 33 பந்தயங்களில் ஒன்றில்கூட ஜெயிக்காத குதிரை!

11/
வேறு யாராயிருந்தாலும் விற்றுத் தள்ளியிருப்பார்கள். டாமி அவசரப்படுத்தவில்லை. 1977-ல், ஏழு வயதில், அதே ரெக்லெஸ் சிட்னி, அடிலெய்டு, பிரிஸ்பேன் கோப்பைகள் மூன்றையும் வென்றது. மூன்றும் இரண்டு மைல் பந்தயங்கள்.

மிச்சம் மெல்போர்ன் கோப்பை. டாமிக்கு வயது 72. முந்தைய நாள் அவர் லாயத்தில் வைக்கோல் மேல் குதிரையோடு படுத்திருக்கும் புகைப்படம் ஆஸ்திரேலியாவில் மிகப் பிரபலம்.

மறுநாள் ரெக்லெஸ் இரண்டாவதாக வந்தது. ஜெயித்தது பார்ட் கம்மிங்ஸின் குதிரை. அவருக்கு அது ஆறாவது மெல்போர்ன் கோப்பை.

12/
அதே 1977-ல் இங்கே, ரஷீத் பைராம்ஜி பயிற்சியளித்த ஸ்குவாண்டரர் இந்தியன் டெர்பியை வென்றது. 19 ஓட்டத்தில் 18 வெற்றி கண்ட குதிரை அது. பைராம்ஜி டெர்பியை 12 முறை வென்றவர். திறமையோடு நல்ல குதிரையும் அமைந்தால் அப்படி நடக்கும். அமையாவிட்டாலும் காலைத் தடவிப் பார்க்கும் வேலை அதேதான். 6 கிலோ இதயத்தை எந்தப் பயிற்சியாலும் உண்டாக்க முடியாது. இருக்கிற இதயத்தை, கால் உடையாமல், அதன் உச்சத்துக்குக் கொண்டுபோகலாம். ஃபார் லாப் டாமிக்கு அமைந்தது. ரெக்லெஸ் அவர் உருவாக்கியது. என் கணக்கில் இரண்டாவதுதான் பெரிய வெற்றி.

13/
2024 செப்டம்பரில் தமிழக அரசு கிண்டி ரேஸ் கோர்ஸின் குத்தகையை ரத்து செய்து சுமார் 160 ஏக்கரைக் கையகப்படுத்தியது. 1945-ல் 99 வருஷத்துக்குக் கொடுத்த குத்தகை. வாடகை பாக்கி 730 கோடி என்றது அரசு. அங்கே பூங்கா வரட்டும், வேளச்சேரி வெள்ளத்துக்குக் குளம் வெட்டட்டும், நல்லதுதான்.

ஆனால் நிலம், வாடகை, பெட்டிங் என்று எல்லாம் பேசிய நாம், அந்த லாயங்களில் சாணி அள்ளி, குதிரையின் காலைத் தடவிப் பார்த்தே பிழைத்த சைஸ்களைப் பற்றி எவ்வளவு பேசினோம்? அவர்கள் கையில் இருப்பது "திறமை" என்று உச்ச நீதிமன்றமே ஏற்ற வேலை. அதைக் கொண்டுபோய் அவர்கள் எங்கே விற்பார்கள்?

14/
மரக்காணத்து உப்பு பாக்கெட்டில் வாருபவர் பெயர் இருக்காது. ரேஸ் கோப்பையிலும் சைஸ் பெயர் இருக்காது. டாமி வுட்காக் 1985-ல் இறந்தார். மெல்போர்ன் கோப்பையை வென்ற டிரெய்னர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

உங்க குடும்பத்தில் யாராவது கிண்டி லாயத்தில் வேலை பார்த்திருந்தால் அவர்கள் கதையைக் கீழே எழுதுங்க. படிக்க ஆவலாக இருக்கிறேன்.

- அரசு மருத்துவர், கிளியனூர்