திருநெல்வேலி: ஒரு கிராமத்தின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

பேச்சுவழக்கில் 'தின்னவேலி' என வழங்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, வரலாற்று நூல்களில் ஓர் இரவின் பெயராலேயே பெரிதும் இடம்பெறுகின்றது. 1983 யூலை 23ஆம் திகதி இரவு இங்கு நிகழ்ந்த தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் யாழ்ப்பாணப் பகுதியில் இராணுவத்தினராற் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். தென்னிலங்கையிலே தமிழருக்கெதிரான வன்செயல் மூண்டது. ஆயின், ஒரு கிராமத்தின் வரலாற்றை ஓர் இரவுக்குள் அடக்கிவிடலாமா என்பதே நாம் எழுப்பும் வினா.

சுண்ணாம்புக்கல்லின் மேற்படிந்த செம்மண்ணும் கிணற்று நீருமே இக்கிராமத்தின் அடிப்படை. ஆறில்லாக் குடாநாட்டில், துலாவினால் நீரிறைத்தே புகையிலையும் மரக்கறியும் விளைவிக்கப்பட்டன. துலா மிதித்தோரும் கூலிக்கு உழைத்தோரும் ஏடுகளிற் பெயர் பெறவில்லை. குடாநாடெங்கும் அத்தகையோருட் பலருக்குச் சாதியின் பெயரால் பொதுக்கிணற்றில் நீரள்ளும் உரிமையும் மறுக்கப்பட்டிருந்தது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடு வெங்காய, மிளகாய்ச் செய்கைக்கு ஊக்கமளித்தது. 1977இன் பின்னரான தாராள இறக்குமதி அதனைத் தளர்வுறச் செய்தது.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளவிலேயே 1974இல் பல்கலைக்கழக வளாகம் தோன்றியது, பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதற்றலைவர். தோட்டநிலங்கள் பல குடிமனைகளாயின. செயற்கையுரத்தின் நைத்திரேற்று குடாநாட்டுக் கிணறுகளிற் கலந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இம்மண்ணில் நின்று ஆராயும் நாம், நிறுவனங்களின் ஏடுகளோடு அக்கிணறுகளையும் அவற்றில் நீரிறைத்த கைகளையும் வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளுதல் வேண்டும்.