பனிக்குக் கணக்கெழுதிய கம்பம்

1864-ம் ஆண்டு, கோடை முடியும் நேரம். சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் ஹோட்டல் நடத்திவந்த யோஹானஸ் பாட்ருட், ஊர் திரும்பத் தயாரான ஆங்கிலேய விருந்தினர் சிலரிடம் பந்தயம் கட்டியதாக ஒரு கதை உண்டு. குளிர்காலத்தில் வந்து தங்கட்டும். பிடிக்கவில்லை என்றால் வழிச்செலவு தன்னுடையது என்றாராம். ஆல்ப்ஸ் மலைக்குக் கோடையில் மட்டுமே ஆள் வந்த காலம் அது. கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் ஈஸ்டர் வரை கிளம்பவில்லையாம். பாட்ருட் ஜெயித்தார், ஆல்ப்ஸில் குளிர்காலச் சுற்றுலா சூடுபிடித்தது. ஆனால், அவர் நம்பிப் பந்தயம் கட்டியது உள்ளூர்க்காரரின் அனுபவ அறிவை. பனியை அளந்து, நாள்தோறும் எழுதிவைக்கும் யோசனை வேறு இடத்திலிருந்து வந்தது. அதற்குக் காரணம் மரணம்.

மலையிலிருந்து பெயர்ந்து விழும் பனிச்சரிவுகள் ஊர்களையும் பாதைகளையும் புதைத்துக்கொண்டே இருந்தன. சுவிஸ் வனத்துறை அதிகாரி யோஹான் கோஆஸ் அவற்றை ஆராய்ந்து 1881-ல் ஒரு நூலே வெளியிட்டார். 1916 டிசம்பரில், முதல் உலகப் போரின் ஆல்ப்ஸ் போர்முனையில், சில நாள்களுக்குள் ஆயிரக்கணக்கான வீரர்கள் பனிச்சரிவுகளில் மடிந்தார்கள். சரிவு எங்கே இறங்கும் என்பது ஓரளவு தெரிந்திருந்தது. எப்போது இறங்கும்? அதைச் சொல்ல, குளிர்காலம் முழுக்க மலை உச்சியருகே இருந்து பனியைக் கவனிக்க ஆள் வேண்டும். சுவிட்சர்லாந்து 1931-ல் இதற்கென ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. சரி, நடுக்குளிரில் 2,500 மீட்டர் உயரத்துக்குத் தினமும் ஏறி இறங்குவது எப்படி?

வழி தயாராகிக்கொண்டிருந்தது, அதுவும் வேறு யாருக்காகவோ. பனிச்சறுக்குக்காரர்களை மேலே ஏற்றிவிட, டாவோஸ் நகரிலிருந்து பார்சன் மலை ரயில் பாதை போடப்பட்டது. 1932-ல் அது 2,662 மீட்டர் உயரத்து வைஸ்ஃப்ளூயோக் வரை எட்டியது. விளையாட வந்தவர்களின் ரயிலில் விஞ்ஞானிகளும் ஏறிக்கொண்டார்கள். 1936-ல் அங்கே ஒரு சிறு கொட்டகையில் ஆய்வு தொடங்கியது. சற்றுக் கீழே, சமதளமான ஓரிடத்தில் அளவு குறித்த கம்பம் ஒன்றை நட்டார்கள். ஆல்ப்ஸ் சுற்றுலாவின் தலையெழுத்து அந்தக் கம்பத்தில் இருக்கிறது என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்?

வேலை எளிமையானதுதான். காலையில் ஒருவர் பனிக்குள் நடந்து போவார். கம்பத்தில் பனி எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். பக்கத்தில், முந்தைய நாள் பனியின் மேல் வைத்துவிட்டுப் போன வெள்ளைப் பலகை இருக்கும். 24 மணி நேரத்தில் அதன்மேல் விழுந்த புதுப் பனியை அளந்து, பலகையைத் துடைத்து, மறுபடி மேலே வைப்பார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தரை வரை குழி வெட்டி, எந்த அடுக்கு இறுகியிருக்கிறது, எது பொலபொலவென்று இருக்கிறது என்று பார்ப்பார்கள். 1945 டிசம்பர் முதல் பொதுமக்களுக்கான பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கைகள் வெளிவரத் தொடங்கின. ஐந்தே ஆண்டில் அவற்றுக்குக் கடும் சோதனை வந்தது.

1951 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பனி கொட்டித் தீர்த்தது. சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர் இறந்தார்கள். அன்றைய எச்சரிக்கை மட்டும் போதாது, பழைய பனிக்கணக்கும் வேண்டும் என்று அந்தக் குளிர்காலம் உணர்த்தியது. எந்தச் சரிவில் வீடு கட்டக் கூடாது, பனித் தடுப்பு வேலிகள் எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை முடிவுசெய்யப் பல ஆண்டுப் பதிவுகள் கைகொடுத்தன. அதுவரை கவலையெல்லாம் பனி அதிகமாவதைப் பற்றித்தான். அடுத்த அதிர்ச்சி நேரெதிர்.

1964-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் குளிர்கால ஒலிம்பிக். விருந்தாளிகள் வந்தாயிற்று, பனியைக் காணோம்! ராணுவம் களமிறங்கி, சறுக்கு வண்டித் தடத்துக்கு 20,000 பனிக்கட்டிகளையும், சறுக்குத் தடங்களுக்கு 40,000 கன மீட்டர் பனியையும் மேலிருந்து சுமந்துவந்தது. ஒலிம்பிக் தப்பித்தது. ஆனால், 1980-களின் இறுதியில் அடுத்தடுத்து மூன்று குளிர்காலங்கள் பொய்த்தபோது, தாழ்வான ஊர்களில் சறுக்குவோரை மேலே இழுத்துச் செல்லும் கம்பிகள் சும்மா தொங்கின. கடன் கொடுத்த வங்கிகள் விழித்துக்கொண்டன. இந்த ஊரில் பனி விழும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

பதில் பழைய ஏடுகளில் இருந்தது. ஸூரிக் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் ஹான்ஸ் எல்சாசரும் ரோல்ஃப் பியுர்கியும் ஓர் அளவுகோலைப் பரவலாக்கினார்கள். டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, குறைந்தது 100 நாள்களாவது 30 சென்டிமீட்டர் பனி இருக்க வேண்டும். பத்துக் குளிர்காலங்களில் ஏழிலாவது அது நடக்க வேண்டும். அப்படியானால் அந்த ஊரின் பனியை நம்பலாம். 1,500 மீட்டருக்குக் கீழே உள்ள பனிச்சறுக்குத் தளங்களுக்குக் கடன் தர சுவிஸ் வங்கிகள் தயங்கின. வங்கிக்காரர் கேட்ட அதே கேள்வியை விடுமுறைக்குப் பணம் சேர்த்தவரும் கேட்கத் தொடங்கினார்.

இன்று ஆல்ப்ஸ் பயணத்துக்கு அறை பதிவு செய்யும் முன் பலரும் கைபேசியில் பார்க்கும் அந்தப் பனி வரைபடம் பிறந்த கதை இதுதான். ஊர்வாரியாக, வாரவாரியாக, கடந்த ஆண்டுகளில் எவ்வளவு பனி கிடந்தது என்று காட்டும் அந்தப் பட்டைகளுக்கு வைஸ்ஃப்ளூயோக் கம்பமும் அதைப் போன்ற நூற்றுக்கணக்கான கம்பங்களுமே மூதாதையர். சறுக்க வந்தவர்களின் ரயிலில் ஏறிப்போன கணக்கு, அரை நூற்றாண்டு கழித்து அவர்களிடமே இறங்கிவந்தது.

அந்தக் கணக்கு சில நம்பிக்கைகளைக் கலைத்தும் போட்டது. கிறிஸ்துமஸ் அட்டைகளில் பனி நிறைந்திருக்கலாம். வைஸ்ஃப்ளூயோக் உயரத்தில் பனி பெரும்பாலும் உச்சம் தொடுவது ஏப்ரல் வாக்கில். தாழ்வான ஊருக்கு டிசம்பர் பயணம் சூதாட்டம், உயரமான ஊருக்கு மார்ச் பயணம் புத்திசாலித்தனம். பழைய சராசரியை அப்படியே நம்பவும் முடியாது. 1971 முதல் 2019 வரையிலான பதிவுகளின்படி, ஆல்ப்ஸில் 2,000 மீட்டருக்குக் கீழே பனிக்காலம் 22 முதல் 34 நாள்கள் வரை குறுகிவிட்டது. எனவே முப்பது ஆண்டுச் சராசரியைவிடக் கடைசிப் பத்து ஆண்டுக் கணக்குக்கே மதிப்பு அதிகம். ஊரின் பெயரைவிட அதன் உயரத்துக்கு இன்னும் அதிகம்.