வீடு சேர்தல்

1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய 'பத்தாலா' எங்கள் புத்தளமே என்பர் ஆய்வாளர். ஆரியச் சக்கரவர்த்தி முத்துக்களை அளித்து, வேண்டியதைக் கேட்கச் சொன்னார். இவர் கேட்டது பாவாதமலைக்கு வழி மட்டுமே. ஸியாரத் முடித்து, காலி, கொழும்பு வழியாகத் திரும்பியபோது கப்பல் தலைவர் இப்ராஹீம் இங்கே காத்திருந்தார். மஃபர் கரையை நெருங்குகையில் கடும் காற்று. பாய்மரத்தை வெட்டியெறிந்து தப்பினர்.

இதைக் கற்பித்தபோது, 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கு வந்த குடும்பத்து மாணவியொருத்தி கேட்டாள்:

"வீடு போய்ச் சேர்ந்தாரா, சேர்?"

"1349இல் சேர்ந்தார். தாயார் கொள்ளைநோயில் மௌத்தான செய்தி வழியிலேயே கிடைத்தது."

"எங்கட உம்மும்மா ஊருக்குப் போகாமலே இங்க மௌத்தாயிட்டா, சேர்."

இப்னு பதூதா சொல்ல இப்னு ஜுஸை எழுதினார். 1355இல் நூல் முடிந்தது. அந்த உம்மும்மாவின் பயணத்தை நம்மில் யார் எழுதப்போகிறோம்?