பழைய மியாட்டா காரில் ஹெட்லைட், புஷ் மாத்தப் போறீங்களா? இதைக் கவனிங்க!

1989-ல் அறிமுகமான மஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டாவின் முதல் தலைமுறை கார்களில், இன்ஜின் நன்றாக இருந்தாலும் மங்கலான லைட்டும் வெடித்த புஷ்ஷும் ஆபத்துதான்.

ஹெட்லைட்: அமெரிக்காவில் விற்ற கார்களில் இருந்தது 7 அங்குல சீல்டு பீம். ஃபிலமென்ட் போனால் மொத்தமாக மாத்தணும். எச்4 ஹவுசிங் போட்டால் பல்பை மட்டும் மாற்றலாம். பழைய ஒயரில் வோல்டேஜ் குறையும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வைத்து லைன் கொடுத்தால் அதே பல்பு பளிச்சென எரியும். ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பைச் செருகினால் ஒளி சிதறும், எதிரே வருபவருக்குக் கண் கூசும்.

புஷ்: ரப்பர் தளர்ந்தால் வளைவிலும் பிரேக்கிலும் சக்கரத்தின் கோணம் மாறும். பாலியூரித்தேன் புஷ் விறைப்பானது, ஸ்டியரிங் துல்லியமாகும். ஆனால் குலுக்கல் கூடும், கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். தினசரி ஓட்டத்துக்குப் புது ரப்பரே போதும்.

முக்கியமா, சக்கரம் தொங்கும்போது ரப்பர் புஷ் போல்ட்டை இறுக்கக் கூடாது. கார் தரையில் நிற்கும் நிலையில்தான் இறுக்கணும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். அதன்பிறகே ஹெட்லைட் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

எது முதலில்? பட்ஜெட் குறைவு, இரவுப் பயணம் அதிகம் என்றால் லைட். வளைவில் கார் அலைபாய்ந்தால், தாமதிக்காமல் புஷ்.