ஊர் சுற்றி வந்த மெட்டு

கல்கத்தாவில் சில காலமேனும் வாழ்ந்த தமிழருக்கு லேக் மார்க்கெட்டைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டிய அந்தப் பேட்டையில் கறிவேப்பிலையும் வாழையிலையும் தொடுத்த மல்லிகையும் கிடைக்கும். காப்பித்தூள் அரைபடும் மணம் தெருமுனையிலேயே எதிர்கொள்ளும். அங்கே என் நண்பர் ஒருவர் வசிக்கிறார். பகலெல்லாம் கணக்கேடுகளோடு உழல்பவர். மாலையில் பாட்டுப் புனைபவர். ஆண்டுதோறும் நவராத்திரிக் கொலுவுக்கென ஒரு புதிய பாட்டை இயற்றி, அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கற்பித்துப் பாட வைப்பது அவர் வழக்கம்.

ஓராண்டு காமாட்சியின் மீது ஒரு பாட்டு அமைந்தது. சொற்களைத் தேடி அலைந்ததாகவும், மெட்டு மட்டும் தானாகவே வந்து நின்றதாகவும் அவர் மகிழ்ந்து கூறினார். ஒத்திகை நடந்த மாலையில் கீழ்த்தளத்து வங்காள அம்மையார் மேலே வந்தார். சிறிது நேரம் கேட்டுவிட்டு, "தாதா, இது எங்கள் ரவீந்திரநாதரின் வசந்தப் பாட்டு அல்லவா?" என்றார். குறை சொல்லும் குரலன்று. பழகிய ஒருவரை எதிர்பாராத இடத்தில் கண்ட மகிழ்ச்சியே அதில் இருந்தது. ஆனால் நண்பர் நாணிப் போனார். அன்றிரவே பாட்டெழுதிய தாளைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். குழந்தைகளுக்கு என்ன பதில் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

இந்த அச்சம் அவருக்கு மட்டும் உரியதன்று. மேல்நாட்டுப் புகழ்பெற்ற பாடலாசிரியர்களையும் இது வாட்டியிருக்கிறது. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த பால் மெக்கார்ட்னி, 1965-இல் வெளிவந்த 'யெஸ்டர்டே' என்னும் பாட்டின் மெட்டைத் தூக்கத்தில் கேட்டு விழித்தவர். இது யாருடைய பாட்டு, எங்கேனும் கேட்டதுண்டா என்று பல நாட்கள் கண்டவரையெல்லாம் கேட்டுத் திரிந்தார். எவரும் உரிமை கோராத பின்னரே தம்முடையது என்று ஏற்றுக்கொண்டார். அதே குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. 1970-இல் அவர் வெளியிட்ட 'மை ஸ்வீட் லார்ட்' என்னும் பக்திப் பாட்டு, 1963-இல் புகழ்பெற்ற 'ஹீ இஸ் ஸோ ஃபைன்' என்னும் பாட்டின் மெட்டே என்று வழக்குத் தொடரப்பட்டது. 1976-இல் தீர்ப்பளித்த நியூயார்க் நீதிபதி ரிச்சர்டு ஓவன் தாமே இசை நாடகங்கள் இயற்றியவர். ஹாரிசன் வேண்டுமென்றே திருடினார் என்று அவர் கூறவில்லை. முன்பு கேட்ட மெட்டு உள்ளத்தின் அடியில் தங்கி, உரியவர் பெயரை இழந்து, புதியது போல் மேலெழுந்தது என்றார். ஆயினும் பொறுப்பு ஹாரிசனுடையதே என்பது தீர்ப்பு. அதன் பின்னர் பாட்டெழுத உட்காரவே தமக்கு அச்சமாக இருந்தது என்று ஹாரிசன் எழுதியிருக்கிறார்.

உரியவர் பெயரை இழந்து என்றேன். நண்பருடைய வழக்கிலும் அதுவே முக்கியமான செய்தி. அவர் பிறந்து வளர்ந்தது கல்கத்தாவில். வைசாக மாதம் 25-ஆம் நாள் ரவீந்திரரின் பிறந்த நாளன்று எந்தத் தெருவில் நடந்தாலும் அவருடைய பாட்டுக் காதில் விழும். பூஜைப் பந்தல்களின் ஒலிபெருக்கி மற்ற நாட்களை நிரப்பிவிடும். நாற்பது ஆண்டுகளாகக் காதில் ஊறிய ஒன்று, இது யாருடையது என்ற குறிப்பின்றி ஒரு நாள் வாயில் வந்துவிட்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கிக்கொண்டிருந்த ஒரு தமிழ் முதியவரிடம் நண்பர் தம் மனக்குறையைச் சொல்லி, மெட்டையும் மெல்லப் பாடிக் காட்டினார். முதியவர் வாழைப்பூவைக் கீழே வைத்துவிட்டார். "யாரப்பா சொன்னது ரவீந்திரநாதர் பாட்டு என்று? இது முத்துஸ்வாமி தீட்சிதருடைய மீனாட்சி கீர்த்தனை. பூர்விகல்யாணி" என்றார்.

இருவர் சொன்னதும் உண்மை. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையிலிருந்து சாந்திநிகேதனத்திற்குக் கல்வி பயில வந்திருந்தார் சாவித்திரி என்னும் மாணவி. பிற்காலத்தில் சாவித்திரி கிருஷ்ணன் என்று அறியப்பட்டவர். அவர் பாடிய கர்நாடக சங்கீதக் கீர்த்தனைகளை ரவீந்திரர் விரும்பிக் கேட்டார். அவற்றுட் சிலவற்றின் மெட்டில் வங்காளச் சொற்களை அமைத்தார். 'மீனாட்சி மே முதம்' என்ற தீட்சிதர் கீர்த்தனை 'பாசந்தி ஹே புவனமோகினி' ஆயிற்று. மதுரையம்மையைப் பாடிய மெட்டு வசந்த காலத்தைப் பாடியது. தியாகராஜரின் தோடிக் கீர்த்தனை ஒன்று மழைக்காலத்தின் நீல நிழலைப் பாடும் பாட்டாயிற்று. சிம்மேந்திரமத்தியமக் கீர்த்தனை ஒன்றும் அவ்வாறே வங்காள உடை பூண்டது.

தென்னாட்டு இசை அந்தக் குடும்பத்திற்குள் புகுந்தது அதுவே முதன்முறையும் அன்று. ரவீந்திரரின் தமக்கை மகள் சரளாதேவி, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மைசூரில் ஆசிரியையாகப் பணியாற்றியபோது அங்கே கேட்ட பாட்டுகளைச் சேர்த்துவந்து தாய்மாமனிடம் பாடிக் காட்டினார். வங்காள இல்லங்களில் மங்கல நாட்களில் இன்றும் ஒலிக்கும் 'ஆனந்தலோகே மங்களாலோகே' அவ்வாறு பிறந்தது. பிற மெட்டுகளின் மீது அமைந்த இத்தகைய பாட்டுகளை வங்காளிகள் 'பாங்கா கான்', அதாவது உடைத்த பாட்டு, என்பார்கள். மூலத்தை உடைத்து வேறொன்றாக வார்த்தது என்ற கருத்து. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தச் சொல்லின் மீது சற்றுப் பொறாமையும் உண்டு.

இவ்வகைப் பாட்டுகள் இருநூறுக்கும் மேற்பட்டவை. 1878-இல் தம் 17-ஆம் வயதில் இங்கிலாந்து சென்ற ரவீந்திரர், 1880-இல் திரும்பியபோது அந்நாட்டு மெட்டுகளையும் நெஞ்சில் கொண்டுவந்தார். 1881-இல் 'வால்மீகி பிரதிபா', 1882-இல் 'கால் மிருகயா' என்னும் இசை நாடகங்களில் அவற்றைக் கையாண்டார். வங்காளிகள் பழைய நட்பை நினைந்து கண்ணீர் மல்கப் பாடும் ஒரு பாட்டு, ஸ்காட்லாந்து மக்கள் புத்தாண்டிரவில் பாடும் 'ஆல்டு லாங் சைன்' மெட்டில் அமைந்தது.

எல்லாவற்றிலும் என் மனத்தைத் தொடுவது ஓர் அஞ்சற்காரரின் கதை. ரவீந்திரர் குடும்ப நிலங்களை மேற்பார்வையிட்ட ஷிலாயிதஹப் பகுதியில் ககன் என்னும் அஞ்சல் ஓட்டக்காரர் இருந்தார். ஊரார் அவரைக் ககன் ஹர்காரா என்பர். ஹர்காரா என்றால் தபால் சுமந்து ஓடுபவர். 'மனத்துக்கினிய மனிதனை எங்கே காண்பேன்' என்னும் பொருளில் அவர் பாடிவந்த பாவுல் பாட்டின் மெட்டில்தான், வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905-இல் ரவீந்திரர் 'ஆமார் சோனார் பாங்ளா'வை இயற்றினார். அது பின்னர் வங்கதேசத்தின் தேசிய கீதமாயிற்று. ரவீந்திரர் அந்த அஞ்சற்காரரை மறைக்கவில்லை. 1915-இல் 'பிரவாசி' இதழில் அவருடைய பாட்டை வெளியிட்டார். பின்னர்த் தம் சொற்பொழிவுகளிலும் அதனை எடுத்துக் காட்டினார். 1971 ஆகஸ்டு 1-ஆம் நாள் நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக நிதி திரட்ட நிகழ்ந்த இசை விழாவை ரவிசங்கருடன் சேர்ந்து நடத்தியவர் அதே ஜார்ஜ் ஹாரிசன். வழக்குக்குள்ளான அந்தப் பாட்டையும் அவர் அங்கே பாடினார்.

ரவீந்திரருக்கு இன்னொரு குறையும் இருந்தது: தாம் அமைத்த மெட்டைத் தாமே மறந்துவிடுவார். புதிய பாட்டு உருவானவுடன் உறவினர் தினேந்திரநாத் அதனைக் கற்றுச் சுரப்படுத்தி வைப்பார். தம் பாட்டுகளுக்கெல்லாம் பண்டகசாலைக்காரர் என்றே கவி அவரைக் குறிப்பிட்டார். இத்தகைய மறதியுடையவரின் பாட்டுகளில் எது எங்கிருந்து வந்தது என்பது இன்று தெரிகிறதென்றால், உடனிருந்தவர்கள் எழுதி வைத்ததுதான் காரணம். அண்ணன் மகள் இந்திராதேவி மூலப் பாட்டையும் அதன்வழி வந்த பாட்டையும் இணைத்துப் பட்டியலிட்டு ஒரு நூலே வெளியிட்டார்.

இனித் தீட்சிதரிடம் வருவோம். தம் மெட்டு வங்காளம் சென்றதை அறிந்திருந்தால் அவர் சினந்திருப்பாரா? நான் அவ்வாறு எண்ணவில்லை. சென்னைக்கு அருகே மணலியில் வாழ்ந்த நாட்களில் அவர் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டிருக்கிறார். அந்த ஆங்கில மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். 'நோட்டுஸ்வரம்' என வழங்கும் அவை ஏறத்தாழ நாற்பது. அவற்றுள் ஒன்று இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் தேசிய கீதத்தின் மெட்டே! மன்னர் இருந்த இடத்தில் சியாமளையை அமர்த்திவிட்டார் தீட்சிதர். அந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்பது பெயரிலேயே விளங்குகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நல்ல வழக்கமும் இருந்தது. பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். பாரதியார் வெட்கமின்றி அதனைப் பின்பற்றினார். 1908-ஐ ஒட்டி, கலெக்டர் விஞ்ச்சுக்கும் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கும் நிகழ்ந்த வாதத்தைப் பாட்டாக்கியபோது, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்துப் பாட்டின் வர்ணமெட்டையே கொண்டார். அதைத் தலைப்பிலும் குறித்தார். பண்ணையாருக்கும் நந்தனுக்கும் இடையேயான வழக்கு, கலெக்டருக்கும் தேசபக்தனுக்கும் இடையேயான வழக்காக மாறியது. மூல மெட்டை அறிந்தவருக்கே அந்தப் பாட்டின் முழுச் சுவையும் புலப்படும். மறைத்திருந்தால் பாதி நயம் போயிருக்கும்.

ஓர் ஐயம் எழலாம். ராகம் பொதுச் சொத்தாயிற்றே, பூர்விகல்யாணியில் பாடுகிற எவரும் தீட்சிதரைப் போலத்தானே பாட வேண்டும்? அப்படியன்று. ராகம் என்பது மொழியைப் போன்றது. அதன் பிடிகள் அனைவருக்கும் பொது. ஒரே ராகத்தில் அமைந்த இரு கீர்த்தனைகளில் ஒத்த சஞ்சாரங்கள் வருவதை எந்த ரசிகரும் களவு என்று சொல்வதில்லை. ஆனால் பல்லவி எந்த ஸ்வரத்தில் எடுக்கிறது, தாளத்தின் எந்த இடத்தில் சொல் விழுகிறது, எங்கே நின்று எங்கே திரும்புகிறது என்ற அமைப்பு இயற்றியவருடையது. தோடியில் மட்டும் தியாகராஜர் இருபதுக்கு மேற்பட்ட கீர்த்தனைகளைச் செய்தார். ஒன்றைக் கேட்டு மற்றொன்றென மயங்குவார் இல்லை. ராகம் ஒன்றாயிருந்தும் மெட்டு வேறாக முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? நண்பர் எடுத்தது ராகத்தையன்று, மெட்டை. அதனால் அவருடைய நாணம் முற்றிலும் வீணன்று என்பேன். பெட்டியைப் பூட்டியதுதான் மிகை.

ரவீந்திரரும் கீர்த்தனையை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சங்கதிகளைக் குறைத்தார், கமகங்களை மென்மையாக்கினார், வங்காளச் சொல்லின் நடைக்கேற்ப மெட்டை நேராக்கினார். நண்பர் பாடியது அந்த நேரான வடிவந்தான். தீட்சிதர் கீர்த்தனையை அவர் சபைக் கச்சேரிகளில் கேட்டிருக்கிறார். ஆனால் அவர் நெஞ்சில் தங்கியது தெருவில் கேட்டது.

மற்றொன்றும் சொல்லத் தோன்றுகிறது. தீட்சிதர் 1835-இல் தீபாவளி நாளன்று எட்டயபுரத்தில் காலமானார். அந்த வேளையில் சீடர்கள் பாடிக்கொண்டிருந்தது இதே மீனாட்சி கீர்த்தனை என்பது வழிவழி வரும் செய்தி. அவர் குடும்பத்தவரான சுப்பராம தீட்சிதர் அவருடைய கீர்த்தனைகளைச் சுரப்படுத்தி 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை 1904-இல் வெளியிட்டதும் எட்டயபுரத்திலிருந்தே. இடையில் 1882-இல் பாரதியார் பிறந்ததும் அவ்வூரிலேயே. அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து சாந்திநிகேதன், அங்கிருந்து கல்கத்தாத் தெருக்கள் என ஊர் சுற்றிய மெட்டு, கடைசியில் லேக் மார்க்கெட்டில் ஒரு தமிழர் வீட்டு மாடியேறி மீண்டும் அம்பாளைப் பாடும் பாட்டாயிற்று.

இவற்றையெல்லாம் நான் எடுத்துச் சொன்ன பிறகு நண்பர் பெட்டியைத் திறந்தார். பாட்டின் தலைப்பில், 'வர்ணமெட்டு: முத்துஸ்வாமி தீட்சிதரின் மீனாட்சி கீர்த்தனை, ரவீந்திரநாதர் வழியாக' என்று மையால் எழுதினார். சரஸ்வதி பூஜையன்று குழந்தைகள் கொலுவின் முன் அதைப் பாடினார்கள். கீழ்த்தளத்து அம்மையார் வங்காளப் பாட்டைப் பாடினார். வாழைப்பூ முதியவரும் அழைக்கப்பட்டிருந்தார். தீட்சிதர் கீர்த்தனையை நிதானமாக, ஒரு சங்கதியும் விடாமல் பாடினார். சுண்டல் வாங்கிக்கொள்ளும்போது மட்டும், குழந்தைகள் பாடியதில் கமகம் போதவில்லை என்று நண்பரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.