ஊவாத் தோட்டங்களும் பொதுப்பணமும் — ஒரு வரலாற்று நோக்கு

பொருளாதாரம் தளர்வுறுங் காலத்தில் அரசு பொதுவேலைகளிற் பணத்தைச் செலவிட்டு நாட்டின் வாழ்வை நிமிர்த்தவேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டு உலகுக்கு அளித்த பொருளியற் பாடங்களுள் முதன்மையான ஒன்றாகும். 1929இல் தொடங்கிய பெருமந்தத்தின் பின், 1933 முதல் அமெரிக்காவில் ரூஸ்வெல்ற்றின் அரசு அணைகளையும் வீதிகளையும் பாடசாலைகளையும் அமைத்தது. 1936இல் கெயின்ஸ் இவ்வழிக்குக் கோட்பாட்டு விளக்கம் தந்தார். 2008ஆம் ஆண்டின் நெருக்கடியின்போதும் அரசுகள் பல இதனையே நாடின. வீதி போடுபவன் கூலி பெறுகிறான். அக்கூலி கடைக்காரனிடமும் கமக்காரனிடமும் சென்று சேர்கிறது. வேலை முடிந்த பின்னும் வீதி எஞ்சி நிற்கிறது. இக்கோட்பாட்டின் வலிமை இதுவேயாகும்.

ஆயினும், அரசு செலவிடும் பணம் மக்கள் வாழும் இடமெங்கும் சென்று சேரும் என்பதை இக்கோட்பாடு ஆராயாமலே ஏற்றுக்கொள்கிறது. ஊவா மாகாணத் தோட்டங்களின் வரலாறோ இவ்வெடுகோளை ஐயுற வைக்கின்றது. நான் பிறந்த தோட்டத்துக்குச் செல்லும் வீதியின் தார் எல்லைக் கல்லோடு முடிந்துவிடும். அதற்கப்பால் லயம்வரை கல்லும் சேறுந்தான். நோயாளியைக் கம்பளியிற் கிடத்தி அவ்வெல்லைவரை நால்வர் சுமந்து செல்வர். சிறுபராயத்தில் அது இயற்கையின் நியதி என்றே எண்ணியிருந்தேன். வரலாறு கற்கத் தொடங்கிய பின்னரே அவ்வெல்லை மனிதர் வகுத்தது என்பது விளங்கிற்று. அவ்வெல்லை எவ்வாறு வகுக்கப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயிரைத் தேடிச் சென்ற பணம்

1818இல் ஊவா வெல்லசைக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னர் பிரித்தானியர் மலைநாட்டிற் பாதைகளை அமைத்தமைக்குப் படைத்தேவையே முதற் காரணமாயிற்று. கோப்பிப் பயிர் பரவத் தொடங்கியதும் இக்காரணத்தோடு வாணிகத் தேவையும் சேர்ந்து கொண்டது. பதுளையில் அதிகாரம் செலுத்திய மேஜர் ரோஜர்ஸ் யானை வேட்டையாற் பெயர் பெற்றவர். பாதை அமைத்தலிலும் அவருக்குப் பங்குண்டு. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். 1848இல் தேசாதிபதி டொரிங்ரன் காலத்து வீதிச்சட்டம், வயதுவந்த ஆடவர் ஆண்டுதோறும் ஆறு நாள் வீதிவேலை செய்யவேண்டும் அல்லது அதற்கீடாகப் பணம் செலுத்தவேண்டும் என விதித்தது. அவ்வாண்டின் மாத்தளைக் கிளர்ச்சிக்கான காரணங்களுள் இதுவும் ஒன்றென்பதை யாவரும் அறிவர். அதன்பின் தோட்டங்களை நோக்கிச் செல்லும் கிளைப்பாதைகளுக்கான செலவைத் தோட்டச் சொந்தக்காரரும் அரசும் பகிர்ந்து கொள்ளும் ஏற்பாடு சட்டமாயிற்று. தனியாரின் விளைச்சலுக்குப் பொதுப்பணத்திற் பாதை அமைத்தல் அக்காலத்து ஆட்சியாளருக்கு முறைகேடாகத் தோன்றவில்லை என்பது கருத்திற் கொள்ளத்தக்கது.

1886இல் பதுளையைத் தலைநகராகக் கொண்டு ஊவா தனி மாகாணமாயிற்று. புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. அங்கிருந்து பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலமும், தெமோதரையில் மலையைச் சுற்றி வந்து தன் பாதையின் கீழேயே நுழைந்து செல்லும் வளையமும் இப்பகுதியின் அரும்பெரும் பொறியியல் ஆக்கங்களாகும். 1924இல் பதுளைக்கு முதல் வண்டி வந்தது. இன்று உல்லாசப் பயணிகள் வியந்து நோக்கும் இப்பாதை, தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதற்காக மலைமீது ஏறிய பாதையாகும்.

இதற்கான பணம் யாருடையது? குடியேற்ற நாட்டு அரசின் வருவாயில் இறக்குமதித் தீர்வைகள் முக்கிய இடம்பெற்றன. அவற்றுள் அரிசி மீதான தீர்வையும் ஒன்றாகும். இறக்குமதியான அரிசியை உண்டே தோட்டத் தொழிலாளி உயிர் வாழ்ந்தான். எனவே, தான் உண்ட ஒவ்வொரு கொத்து அரிசிக்கும் அவன் வரி செலுத்தியவனாவான். பொதுப்பணத்தின் ஒரு பங்கு அவனுடைய சோற்றுப் பானையிலிருந்து சென்றது என்று கூறுதல் மிகையாகாது.

துரையின் கைவழி வந்த சேவைகள்

பாதைக்கும் புகையிரதத்துக்கும் தாராளமாகச் செலவிட்ட அரசு, மருத்துவத்தையும் கல்வியையும் பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பில் விட்டது. மருத்துவத் தேவைகள் பற்றி 1872இலும் 1912இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிக்கும் கடமையைத் தோட்டக்காரர் மீது சுமத்தியது. இவற்றால் நன்மை விளையவில்லை என்று கூறுவதற்கில்லை. ஆனால், கிராமத்தவன் உரிமையோடு கேட்டுப் பெறத்தக்க மருந்தும் எழுத்தும் தோட்டத்தவனுக்குத் துரையின் கைவழியே கிடைத்தன. பிள்ளைமடுவமும் மருந்துக்கொட்டிலும் தண்ணீர்ப் பீலியும் தோட்டக் கணக்கேட்டின் செலவினங்களாயின. தேயிலை விலை விழுந்தால் முதலிற் குறைக்கப்படத்தக்கவை இத்தகைய செலவினங்களே. அரசு எக்காலத்திற் கூடுதலாகச் செலவிடவேண்டும் எனக் கெயின்ஸ் கூறினாரோ, அக்காலத்திலேயே தோட்டத்தின் நலச்செலவு சுருங்குவதற்கு இவ்வமைப்பு இடமளித்தது. 1930களின் மந்தத்தில் தொழிலாளர் கூலி குறைக்கப்பட்டதும், பலர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் இதற்குச் சான்றாகும்.

வாக்கும் நிதியும்

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆனால், கிராமிய ஆட்சியில் தோட்டத் தொழிலாளருக்கு இடமளிப்பதா என்ற வினா எழுந்தபோது, 1930களின் பிற்பகுதியில் நிறைவேறிய கிராமச் சபைச் சட்டத் திருத்தம் அவர்களைப் புறத்தே நிறுத்தியது. ஊர்ப் பாதையையும் கிணற்றையும் பற்றி முடிவு செய்யும் அவையில் அவர்களுக்கு வாக்கில்லை என்றாயிற்று.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளுள் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரின் பிரசாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது.

இதன் பொருளாதார விளைவு போதிய அளவு ஆராயப்படவில்லை எனலாம். 1974இல் பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவுத் திட்டம் அறிமுகமாயிற்று. சிறுபாலம், பாடசாலைக் கட்டடம், குடிநீர் முதலிய உள்ளூர் வேலைகளுக்கான நிதி பாராளுமன்ற உறுப்பினரின் செல்வாக்கு வழியே தொகுதிகளைச் சென்றடைந்தது. உள்ளூர் உட்கட்டமைப்புச் செலவின் மிகத் தெளிவான வடிவம் இதுவாகும். வாக்கிழந்தவனுக்கு உறுப்பினன் இல்லை. உறுப்பினன் இல்லாதவனுக்குப் பாலமும் இல்லை. 1973–74இல் உணவுப் பஞ்சம் தோட்டங்களில் உயிர்களைப் பறித்த காலமும் இதுவே என்பதை மறத்தலாகாது.

1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. நிலமும் அரசினது, நிதியும் அரசினது என்ற நிலையில் எல்லைக் கல் பெயர்ந்திருக்கவேண்டும். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றமை உண்மையான முன்னேற்றமே. ஆயின், லயமும் உள்வீதியும் தோட்ட நிருவாகத்திடமே இருந்தன. துரை அரச ஊழியரானார், துரைத்தனம் மாறவில்லை.

முப்பத்து மூன்றாம் பிரிவு

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உள்ளூராட்சியிற் புதிய அத்தியாயத்தைத் தொடக்கியது. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாடற்றோர் பிரசாவுரிமை பெற்றனர். பசறையிலும் லுணுகலையிலும் ஹாலிஎலயிலும் தோட்டத்து மக்கள் வாக்களித்தனர். தம்மவரைச் சபைகளுக்கு அனுப்பினர். எனினும், அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை தன் நிதியைத் தோட்டப்புறத்திற் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்தவர், வென்ற பின் அதே லயத்துக்கு வீதி போட முடியாதவரானார். 1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. தனியார் எல்லைக்குள் பொதுப்பணம் செல்லலாகாது என்ற வாதமும் வலுப்பெற்றது.

இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கம்பனியின் பொறுப்பிலுள்ள வீதியை மக்கள் வரிப்பணத்திற் செப்பனிட்டால் கம்பனி தன் கடமையிலிருந்து விடுபடாதா என்ற வினா நேர்மையானதே. ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிளைப்பாதைகளை ஈண்டு நினைவுகூர வேண்டும். கோப்பியும் தேயிலையும் இறங்கி வருவதற்காகப் பொதுப்பணம் தனியார் தோட்டங்களைத் தேடிச் சென்றது. பயிரின் பொருட்டுத் தடையாகாத தனியார் உடைமை, மனிதரின் பொருட்டு மட்டும் தடையாயிற்று. இம்முரண்பாட்டுக்கு எந்தப் பொருளியற் கோட்பாட்டிலும் விடையில்லை.

இதன் விலை 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி வெளிப்பட்டது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மண்ணுள் புதைத்தது. அவ்விடம் அபாயமானது என 2005இலும் 2011இலும் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, குடிபெயர்வதற்கு வேறு நிலம் இருக்கவில்லை. அம்மக்களுக்கான புதிய வீடுகள் அனர்த்தத்தின் பின்னரே எழுந்தன.

2015இல் உட்கட்டமைப்பையும் சமுதாய அபிவிருத்தியையும் தன் பெயரிலேயே தாங்கிய மலைநாட்டுக்கான அமைச்சு உருவாயிற்று. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்பது கொள்கையாயிற்று. 2018இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களிற் சபை நிதியைச் செலவிட வழி பிறந்தது. அவ்வாண்டிலேயே பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் நிறைவேறியது. 1987இலிருந்து எண்ணினால் முப்பத்தொரு ஆண்டுகள் கழிந்திருந்தன.

முடிவுரை

சட்டத்தடை நீங்கியமை தொடக்கமேயன்றி முடிவன்று. தன் பெயரில் நிலமும் உறுதியும் இல்லாதவனுக்குக் கட்டிக் கொடுக்கும் வீடு மற்றொரு லயமாகவே முடியும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த பெருமழை பதுளை மாவட்டத்து மலைகளை மீண்டும் சரித்தது. புனரமைப்புக்கென அரசு பணம் ஒதுக்கும் இத்தகைய வேளையில், எத்தனை கோடி ஒதுக்கப்பட்டது என்று கேட்பதோடு நாம் அமைந்துவிடலாகாது. அப்பணம் எந்தக் கல்லோடு நிற்கிறது என்றும் கேட்டல் வேண்டும். ஊவாவின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே. பல்கலைக்கழகத்துக்கு வந்துள்ள தோட்டத்துப் பிள்ளைகள் தத்தம் பிரதேச சபையின் வரவுசெலவு அறிக்கையை வாசிக்கப் பழகுவாராயின், அவ்வெல்லைக் கல் பெயர்வதற்கு அதுவும் ஒரு கைப்பிடியாகும்.