சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி: ஒரு யூனிட் இன்சுலினின் கதை

இந்த எபிசோடு ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்குது. எங்க வீட்டுப் பூனை புஜ்ஜிக்கு சர்க்கரை நோய். காலையில 1 யூனிட், ராத்திரி 1 யூனிட் கிளார்ஜின் இன்சுலின். போன மாசம் ஒரு ராத்திரி அதுக்கான சிரிஞ்ச் தீர்ந்துபோச்சு. அம்மாவும் இன்சுலின் போடறவங்க. அவங்க டப்பாவுல இருந்து ஒண்ணை எடுத்து, 1-ன்னு போட்டிருந்த கோடு வரைக்கும் மருந்தை இழுத்தேன். பின்னாடி இருந்து அம்மா குரல்: "டேய், அது என்னோட சிவப்பு மூடிடா!"

அந்த சிரிஞ்சுல அப்போ இருந்தது 1 யூனிட் இல்ல, 2.5 யூனிட். போட்டிருந்தா புஜ்ஜியோட சர்க்கரை விடியறதுக்குள்ள எங்க இறங்கியிருக்கும்னு நினைக்கவே பயமா இருந்துச்சு. ஒரே மருந்துக்கு ஏன் ரெண்டு விதமான அளவுக்கோடு? அந்தக் கேள்விதான் என்னை 1922-க்குக் கொண்டுபோச்சு.

அந்த வருஷம் ஜனவரி 11, டொராண்டோ. பாண்டிங், பெஸ்ட் ரெண்டு பேரும் நாய்கள்ல சோதிச்சுப் பார்த்த கணையச் சாற்றை, லியனார்ட் தாம்சன்ங்கிற 14 வயசுப் பையனுக்குப் போட்டாங்க. சரியா வேலை செய்யல. காலிப் அதை இன்னும் சுத்தம் பண்ணிக் கொடுத்த பிறகு, ஜனவரி 23-ல போட்ட ஊசிதான் பலன் தந்தது.

பிரச்சினை அடுத்துதான். ஒவ்வொரு தடவை காய்ச்சி எடுக்கும்போதும் மருந்தோட வீரியம் மாறும். அதனால மில்லிகிராம் கணக்கு உதவாது. பட்டினி போட்ட முயலோட ரத்தச் சர்க்கரையை வலிப்பு வர்ற அளவுக்கு இறக்க எவ்வளவு மருந்து வேணும்? "யூனிட்" அங்க இருந்து பிறந்தது. அதாவது, அது எடையும் இல்ல, கன அளவும் இல்ல. மருந்து என்ன வேலை செய்யுதுங்கறதோட அளவு.

சரி, 1 மில்லியில எத்தனை யூனிட்? இங்கதான் குழப்பம். மருந்து சுத்தமாக ஆக, 20, 40, 80-ன்னு பல வீரியங்கள் கடைக்கு வந்தது. பிரிட்டன்ல சிரிஞ்சு மட்டும் பழசாவே நின்னுச்சு: 1 மில்லிக்கு 20 கோடு. 20 வீரிய மருந்துக்கு ஒரு கோடு 1 யூனிட். 40-க்கு அதே கோடு 2 யூனிட், 80-க்கு 4 யூனிட். டாக்டர் "20 யூனிட்"னு சொல்றார். கையில இருக்கறது 40 வீரியம். நோயாளி 10 கோடு இழுக்கணும். அவர் 20 கோடு இழுத்தா, உள்ள போறது 40 யூனிட்.

நம்ம துறையில இதைப் பார்த்திருக்கோம். 1999-ல நாசாவோட செவ்வாய் விண்கலம் ஒண்ணு தொலைஞ்சுபோச்சு. ஒரு மென்பொருள் பவுண்டு கணக்குல கொடுத்த எண்ணை, இன்னொண்ணு நியூட்டன்னு நினைச்சு எடுத்துக்கிச்சு. எண் சரி, அலகு தப்பு.

தீர்வு என்ன? எல்லாத்தையும் 100-க்கு மாத்தறது. அமெரிக்கா 1970-கள்ல மாற ஆரம்பிச்சது, பிரிட்டன் 1983-ல மாறுச்சு. இந்தியாவுல பேனா இன்சுலின் 100 ஆயிடுச்சு, ஆனா குப்பியில வர்ற 40 இன்னும் போகல. அதனாலதான் மெடிக்கல் ஷாப்ல 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல ரெண்டு வீரியமும் பக்கத்துல பக்கத்துல.

இதுல ஒரு வேடிக்கை. கால்நடை மருத்துவத்துக்குன்னே தயாராகிற சில இன்சுலின்கள் இன்னைக்கும் 40 வீரியம்தான். சின்ன உடம்புக்கு அது வசதி. 40-ல 1 யூனிட்ங்கறது 0.025 மில்லி. 100-ல வெறும் 0.01 மில்லி, ஒரு சொட்டுல சுமார் அஞ்சுல ஒரு பங்கு. மனுஷனுக்கு 30 யூனிட்ல அரை யூனிட் பிசகினா பெருசா தெரியாது. புஜ்ஜிக்கு அது பாதி டோஸ்.

அதனால இப்போ எங்க வீட்டு முறை இது: 0.3 மில்லி சிரிஞ்ச், அரை யூனிட் கோடு போட்டது. குப்பியில எழுதியிருக்கற எண்ணும் சிரிஞ்சுல எழுதியிருக்கற எண்ணும் ஒண்ணான்னு சத்தமா படிக்கறோம். கண்ணு மட்டத்துல பிடிச்சு, காற்றுக் குமிழ் இல்லாம இழுக்கறோம். இவ்வளவு சின்ன டோஸ்ல ஒரு குமிழே மருந்தோட இடத்தைப் பிடிச்சுக்கும். கொஞ்சம் கூடுதலா இழுத்து, குமிழை வெளியேத்தி, அப்புறம் கோட்டுக்கு இறக்கறது என் வழக்கம். வேற மருந்து, வேற சிரிஞ்சுன்னா டாக்டர்கிட்ட கேட்காம கையை வைக்கறதில்ல.

அம்மாவோட சிரிஞ்ச் டப்பா இப்போ மேல் அலமாரிக்குப் போயிடுச்சு. புஜ்ஜி நல்லா இருக்கா, இதை ரெக்கார்டு பண்ணும்போது கீபோர்டு மேலதான் படுத்திருந்தா. உங்க வீட்டுலயும் ரெண்டு நிற மூடி இருந்தா, இன்னைக்கே பிரிச்சு வையுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.